மேட்டில் மட்டும் திணறிய கார்: ஃபியூயல் பம்பைக் கண்டறிந்த அனுபவம்

சமதரையில் என் காரிடம் எந்தக் குறையும் தெரியவில்லை. நீண்ட மேட்டில் நான்காவது கியரில் ஆக்சிலரேட்டரை முக்கால் பங்கு மிதிக்கும்போது மட்டும் யாரோ பின்னாலிருந்து பிடித்து நிறுத்துவதுபோல வேகம் தளரும். காலைச் சற்றுத் தளர்த்தினால், எதுவுமே நடக்காததுபோல இழுவை திரும்பிவிடும். தொடக்கத்தில் மாதத்துக்கு ஒரு முறை தலைகாட்டிய இந்தத் திணறல், பிறகு மதிய வெயிலில், டேங்கில் பெட்ரோல் கால் பங்குக்குக் கீழே இருக்கும் நாள்களில், ஏறக்குறைய தவறாமல் வரத் தொடங்கியது. மேடு, சூடு, குறைந்த பெட்ரோல் ஆகிய மூன்றையும் அப்போதே ஒரு தாளில் எழுதி வைத்துப் பார்த்திருந்தால் நான்கு மாத அலைச்சல் மிச்சமாகியிருக்கும். நான் எழுதி வைக்கவில்லை. ஸ்பார்க் பிளக்குகளை மாற்றினேன்.

பிளக் மாற்றியதில் பலன் இல்லை. ஏர் ஃபில்டரை மாற்றி, த்ராட்டில் பாடியைச் சுத்தம் செய்ததிலும் பலன் இல்லை. மூன்றாவதாகப் பெட்ரோல் ஃபில்டரைக் கழற்றி, அதற்குள் மிச்சமிருந்த பெட்ரோலை உள்வரும் பக்கம் வழியாக ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்தபோது, காப்பித்தூள் போன்ற மெல்லிய வண்டல் தட்டின் அடியில் படிந்தது. அது நான்கைந்து வருடங்களாக மாற்றப்படாத ஃபில்டர். புதியதைப் போட்டதும் இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. நோய் தீர்ந்தது என்று நம்பினேன். அந்த இரண்டு வாரமும் மழையாக இருந்தது என்பதும், டேங்க் பெரும்பாலும் நிறைந்தே இருந்தது என்பதும் பிற்பாடுதான் உறைத்தது.

மேலே போகுமுன், கடைசியில் குற்றவாளியாக நின்ற ஃபியூயல் பம்ப், அதாவது டேங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப், என்ன வேலை செய்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் என் தவறுகள் எல்லாமே அதைச் சரியாகப் புரிந்துகொள்ளாததிலிருந்து வந்தவை. கார்புரேட்டர் வண்டிகளில் எஞ்சினின் கேம் தண்டு தள்ளும் ஒரு ரப்பர்த் திரைப் பம்ப், அரை பார் (ஒரு பார் என்பது ஏறக்குறைய வளிமண்டல அழுத்தம்) அளவுக்கும் குறைவான அழுத்தத்தில் பெட்ரோலை அனுப்பினால் போதுமானதாக இருந்தது. பெட்ரோலை எஞ்சினுக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர் கொண்ட வண்டிகளில் டேங்குக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் ஒரு சிறு மின்மோட்டார், பெரும்பாலும் 3 முதல் 4 பார் வரையிலான அழுத்தத்தில், ஓயாமல் சுழன்றபடி பெட்ரோலைத் தள்ளுகிறது. அந்த மோட்டாரைக் குளிர்விப்பதும் அதன் தேய்மானத்தைக் குறைப்பதும் அதைச் சூழ்ந்தும் அதனூடாகவும் ஓடும் பெட்ரோலேதான். டேங்கை எப்போதும் வற்றவிட்டு ஓட்டுவது பம்பின் ஆயுளைத் தின்கிறது என்று மெக்கானிக்குகள் சொல்வதற்கு இதுவே அடிப்படை. என் வண்டி பழைய முறையைச் சேர்ந்தது: எஞ்சினுக்குத் தேவைப்படுவதைவிடப் பல மடங்கு பெட்ரோலைப் பம்ப் அனுப்பும், இன்ஜெக்டர் குழாயின் முனையிலுள்ள ரெகுலேட்டர் அழுத்தத்தை நிலைநிறுத்திக்கொண்டு, மிஞ்சியதைத் தனிக்குழாய் வழியாக டேங்குக்கே திருப்பிவிடும். புதிய வண்டிகள் பலவற்றில் இந்தத் திரும்பும் குழாய் கிடையாது. ரெகுலேட்டர் டேங்குக்குள்ளேயே இருக்கும்.

இன்ஜெக்டர் தானாகப் பெட்ரோலை அளந்து ஊற்றுவதில்லை. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி சொல்லும் அத்தனை மில்லி விநாடிகளுக்குத் திறந்து மூடுவது மட்டுமே அதன் வேலை. அழுத்தம் சரியாக இருக்கிறது என்று கணினி நம்பித்தான் அந்த நேரத்தைக் கணக்கிடுகிறது. அழுத்தம் குறைந்தால், அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில் பெட்ரோல் குறையும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 1.8 பார்தான் இருக்கிறது என்றால், எஞ்சினுக்குப் போய்ச் சேருவது ஏறக்குறைய 77 விழுக்காடுதான். மேட்டில் என்னைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தது அந்தக் குறைந்துபோன கால் பங்கு.

மழை நின்று வெயில் திரும்பியதும் திணறலும் திரும்பியது. அப்போதுதான் ஒரு பிரஷர் கேஜை வாங்கினேன். என் வண்டியின் இன்ஜெக்டர் குழாயில், டயருக்குக் காற்றடிக்கும் வால்வைப் போன்ற சோதனை வால்வு ஒன்று உண்டு. அது இல்லாத வண்டிகளில் குழாய் இணைப்பைக் கழற்றி இடையில் ஒரு டி இணைப்பைச் செருக வேண்டும். கேஜை மாட்டி எஞ்சினை ஓடவிட்டேன்: ஐட்லிங்கில் 2.5 பார். எஞ்சின் காற்றை உறிஞ்சும் பக்கத்திலுள்ள வெற்றிடத்தை ரெகுலேட்டருக்குக் கொண்டுபோகும் வாக்குவம் குழாயைக் கழற்றியதும் 3.0 பார். கையேட்டில் இருப்பதும் அதேதான், முள்ளிலும் நடுக்கமில்லை. பம்ப் நிரபராதி என்று தீர்ப்பெழுதி கேஜைப் பெட்டிக்குள் வைத்தேன். நான்கு மாதங்களில் நான் செய்த ஆகப் பெரிய தவறு அதுதான். நின்ற இடத்தில் ஓடும் எஞ்சின் மணிக்கு ஒரு லிட்டர் அளவுதான் குடிக்கும். முழு மிதியில் மேடேறும்போது அதே எஞ்சின் இருபது லிட்டருக்கு மேல் கேட்கும். முக்கால்வாசி பலத்தை இழந்துவிட்ட பம்புக்குக்கூட அந்த ஒரு லிட்டரைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் திருப்பி அனுப்பி, ரெகுலேட்டரின் அழுத்தத்தைப் பிசகாமல் காட்டத் தெம்பிருக்கும். நடக்கவே திணறுகிறவரை நாற்காலியில் உட்காரவைத்து நாடி பார்த்த கதைதான் இது.

கேஜ் மாட்டுவதைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எஞ்சின் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பம்பின் ஃபியூஸைக் கழற்றிவிட்டு எஞ்சினைத் தானாக நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயில் இருக்கும் அழுத்தம் பெருமளவு இறங்கிவிடும். அதன் பிறகும், இணைப்பைச் சுற்றி ஒரு துணியைப் பிடித்துக்கொண்டுதான் திறக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து பள்ளத்தில் தேங்கும், ஆகவே மூடிய இடத்தில் இந்த வேலை கூடாது, தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். சிலிண்டருக்குள் நேரடியாகப் பெட்ரோலைப் பாய்ச்சும் வகை எஞ்சின்களில், கேம் தண்டால் இயங்கும் இரண்டாவது பம்ப் ஒன்று உண்டு. அதற்கு அப்பாலுள்ள குழாயில் 100 பாருக்கும் மேலான அழுத்தம் இருக்கக்கூடும். அந்தப் பக்கத்தைச் சாதாரண கேஜைக் கொண்டு யாரும் தொடக்கூடாது. காரின் கணினியிலுள்ள அளவுகளை வாசிக்கும் ஸ்கேனர் காட்டும் சென்சார் அளவைப் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

அடுத்து ஸ்கேனர். இதைத்தான் நான் முதலிலேயே செய்திருக்க வேண்டும், ஏனென்றால் இதற்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. எச்சரிக்கை விளக்கு எரியவில்லை, பிழைக் குறியீடும் பதிவாகவில்லை. ஆனால் எரிபொருள் திருத்த அளவுகள், அதாவது ஃபியூயல் ட்ரிம், கதையைச் சொல்லிக்கொண்டுதான் இருந்தன. ஐட்லிங்கில் நீண்டகாலத் திருத்தமும் குறுகியகாலத் திருத்தமும் சேர்ந்து +4 விழுக்காடு. மிதமான மேட்டில் ஒரே வேகத்தில் ஏறும்போது அதே கூட்டுத்தொகை +22 வரை போனது. பெட்ரோல் போதவில்லை என்று, வெளியேறும் புகையில் மிஞ்சிய ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிஜன் சென்சார் புகார் செய்கிறது, கணினி இன்ஜெக்டரை இன்னும் அதிக நேரம் திறந்து பார்க்கிறது என்று பொருள். இந்த எண்ணில் வடிவம்தான் முக்கியம். எஞ்சின் காற்றை உள்ளிழுக்கும் இன்டேக் பக்கத்தில் எங்காவது காற்றுக் கசிவு இருந்தால் ஐட்லிங்கில் திருத்தம் உயர்ந்திருந்து, வேகம் கூடும்போது குறையும், ஏனென்றால் கசியும் காற்று மொத்தக் காற்றில் அற்பமாகிவிடுகிறது. பெட்ரோல் வரத்து குறைந்தால் நேர்மாறு: சும்மா நிற்கும்போது சரி, சுமை ஏற ஏறத் திருத்தமும் ஏறும். காற்றோட்டத்தை அளக்கும் சென்சார் அழுக்கானாலும் இதே வடிவம் வரக்கூடும் என்பதால், ட்ரிம் எண்ணை மட்டும் வைத்துப் பம்பைக் குற்றவாளியாக்க முடியாது. முழு மிதியில் ஆக்சிஜன் சென்சாரையும் பார்த்தேன். சாதாரண வகைச் சென்சார் அப்போது 0.8 வோல்ட்டுக்கு மேல் நின்று, கலவையில் பெட்ரோல் தாராளமாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும், என்னுடையது 0.1க்கு விழுந்து அங்கேயே படுத்துக்கொண்டது.

இதையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தபோதே, ஒரு மதியம் மேட்டின் பாதியில் எஞ்சின் முற்றிலும் நின்றுபோனது. ஓரம்கட்டிவிட்டுச் சாவியைத் திருகினால் செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை. சூட்டில் நின்று, ஆறியபின் ஓடும் வண்டியென்றால் உடனே சந்தேகப்பட வேண்டிய இன்னொரு ஆள், எஞ்சின் தண்டின் சுழற்சியைக் கணினிக்குச் சொல்லும் கிராங்க் சென்சார். அது போனாலும் இதே நாடகம்தான் நடக்கும். செல்ஃப் சுற்றும்போது ஆர்பிஎம் முள்ளைக் கவனித்தேன். அது சற்றே எழுந்து ஆடியது. சென்சார் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அது நல்ல அறிகுறி. பிறகு உடன் வந்த நண்பரைச் சாவியை ஆன் நிலைக்கு மட்டும் திருப்பச் சொல்லிவிட்டு, பெட்ரோல் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து காதை வைத்தேன். வழக்கமாக இரண்டு விநாடிக்குத் தேனீ ரீங்காரம் போன்ற ஒலி கேட்டு அடங்கும். அன்று ஒன்றும் கேட்கவில்லை.

“சத்தம் வருதா?” என்றார் நண்பர்.

“இல்லைங்க. ஆஃப் பண்ணிட்டு மறுபடி ஆன் பண்ணுங்க.”

இந்த முறை, பம்புக்கு மின்சாரத்தை இணைக்கும் மின்காந்த சுவிட்சான ரிலேவின்மேல் விரலை வைத்திருந்தேன். சொடுக்குப் போடுவதுபோல ஒரு துடிப்பு விரல்நுனியில் தட்டியது. ரிலேவின் சுருள் வேலை செய்கிறது என்பதற்குத்தான் அது சான்று. உள்ளிருக்கும் தொடுமுனைகள் கரிந்திருந்தாலும் சொடுக்குச் சத்தம் வரும். ஆகையால் அதே எண் கொண்ட ஹார்ன் ரிலேவைக் கழற்றி இந்த இடத்தில் மாட்டினேன். மாற்றமில்லை. ஃபியூஸ் நன்றாக இருந்தது. கடைசியாகக் கீழே குனிந்து, ரப்பர் அடி கொண்ட காலணியால் டேங்கின் அடியில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். ரீங்காரம் எழுந்தது, வண்டியும் கிளம்பியது. தட்டினால் ஓடுகிறது என்றால் பம்பின் மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் கரித்துண்டான பிரஷ் தேய்ந்துவிட்டது என்பது பட்டறைகளில் பழகிப்போன தீர்ப்பு, நானும் அப்படியே முடிவுசெய்தேன். அது பாதி உண்மைதான். அந்தத் தட்டில் அதிர்ந்தது பம்ப் மட்டுமில்லை, அதன் தலையில் செருகியிருக்கும் கனெக்டரும் அதிர்ந்திருக்கிறது.

புதுப் பம்ப் வாங்குமுன், பழைய தவறுக்குப் பரிகாரமாக, கேஜை இந்த முறை ஓடும் வண்டியில் மாட்டினேன். நீளமான குழாயை போனட்டின் பின்விளிம்பு வழியாக வெளியே எடுத்து, போனட்டின் அழுத்தத்தில் நசுங்காதபடி விட்டு, கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே, நண்பரின் கண்ணுக்கு நேராக, அசையாமல் ஒட்டினோம். பெட்ரோல் நிறைந்த கேஜைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. ஓட்டுகிறவர் முள்ளைப் பார்க்கவும் கூடாது. மேட்டில் மிதிக்கும்போது வாக்குவம் குறைவதால் அழுத்தம் 2.5இலிருந்து 3.0க்கு ஏற வேண்டும். நண்பர் வாசித்துக்கொண்டே வந்தார்: இரண்டரை, இரண்டேகால், இரண்டு, ஒன்று புள்ளி எட்டு. ஏற வேண்டிய நேரத்தில் முள் இறங்கிக்கொண்டிருந்தது, அதே விநாடியில் எனக்கு இழுவை போனது. நான்கு மாதத் தேடலுக்கு விடை கிடைக்க ஒன்றரை நிமிடம் போதுமானதாக இருந்தது.

அழுத்தம் குறைகிறது என்பது உறுதியானதால் பம்ப் கெட்டுவிட்டது என்று ஆகிவிடாது. மோட்டாருக்குப் போய்ச் சேரும் மின்சாரம் குறைவாக இருந்தாலும் அது மெதுவாகத்தான் சுழலும். பின் இருக்கையைத் தூக்கி, டேங்கின் மேலுள்ள மூடியைத் திறந்து, கனெக்டரைக் கழற்றாமலே அதன் பின்புறமாக மல்டிமீட்டரின் ஊசிகளைச் செருகினேன். கழற்றி அளந்தால் ஏமாந்துவிடுவோம்: மின்னோட்டம் ஓடாதபோது, ஒரே ஒரு இழையில் தொங்கும் கம்பிகூட முழு வோல்ட்டைக் காட்டும். எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.9 வோல்ட், பம்பின் தலையில் 11.2. இடையில் 2.7 வோல்ட் எங்கோ தொலைகிறது. எங்கே என்பதைக் கண்டுபிடிக்க, மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதைப் பம்பின் எர்த் கம்பியிலும் வைத்தேன்: 1.9 வோல்ட். ஒழுங்கான எர்த்தில் 0.2க்கு மேல் வரக் கூடாது. மிச்ச 0.8, பாசிட்டிவ் பக்கத்தில் ரிலே, ஃபியூஸ், கனெக்டர் ஆகியவற்றில் பங்கிட்டுக்கொள்ளப்பட்டிருந்தது. கனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது எர்த் ஊசியைச் சுற்றியிருந்த வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பேறி, ஓரத்தில் உருகி, ஊசியின் பளபளப்பு போய் நீலம் பாய்ந்திருந்தது.

கனெக்டரின் முனைகளைப் புதிதாகப் போட்டு, உடலோடு எர்த் சேரும் போல்ட்டைச் சுரண்டி இறுக்கியதும் அந்த 1.9 வோல்ட் 0.1 ஆனது. இத்தோடு முடிந்தது என்று நினைத்து மீண்டும் மேட்டுக்குப் போனோம். 1.8க்கு விழுந்த முள் இப்போது 2.4க்கு விழுந்தது. முன்பைவிட மேல், ஆனால் 3.0 இல்லை. இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் வண்டி குளிர்காலம் முழுவதும் நன்றாக ஓடி, அடுத்த கோடையில் எங்காவது நடுவழியில் நின்றிருக்கும்.

மறுநாள் காலை பம்ப் தள்ளும் பெட்ரோலின் அளவைச் சோதித்தேன். எஞ்சின் அருகே திரும்பும் குழாயைக் கழற்றி, பெட்ரோலுக்கேற்ற ஓர் அளவுக் கலத்துக்குள் விட்டு, எஞ்சினை ஓட்டாமல், ரிலே இருக்கும் இடத்தில் இணைப்புக் கம்பி கொடுத்துப் பம்பை மட்டும் 30 விநாடி ஓடவிட்டேன். என் வண்டியின் கையேடு கேட்பது 750 மில்லி. கலத்தில் விழுந்ததோ 190. மணிக்கு ஏறக்குறைய 23 லிட்டர் என்று ஆகிறது. காலைக் குளிரில் கிடைத்தது இது. டேங்க் சூடாகிப் பெட்ரோலும் வற்றிய மதியத்தில் இதுவும் குறையும். முதல் நாள் ஐட்லிங்கில் 2.5 பார் பார்த்து நான் ஏன் ஏமாந்தேன் என்பது இந்தக் கலத்தைப் பார்த்தபோது முழுமையாக விளங்கியது. கம்பியைச் சுற்றிக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் பார்த்தால் பம்ப் இழுக்கும் மின்னோட்டம் 9 ஆம்பியருக்கு மேல் இருந்தது. இந்த வகைப் பம்ப் 5 அல்லது 6 ஆம்பியரோடு நிற்க வேண்டும். மின்னோட்டம் அதிகம், பெட்ரோல் குறைவு என்றால் மோட்டார் எதையோ எதிர்த்து முட்டிக்கொண்டிருக்கிறது. மின்னோட்டமும் குறைவு, பெட்ரோலும் குறைவு என்றிருந்தால் பிரஷ் தேய்மானத்தையோ கம்பியிலுள்ள தடையையோ பார்க்க வேண்டியிருந்திருக்கும்.

எஞ்சினை அணைத்தபின் அழுத்தம் நிற்கிறதா என்பது இன்னொரு சோதனை, ஆனால் அது வேறு நோய்க்கானது. காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தபிறகுதான் வண்டி கிளம்புகிறது என்றால், பம்புக்குள் உள்ள ஒருவழி வால்வோ, ரெகுலேட்டரோ, சொட்டும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். என்னுடையதில் இருபது நிமிடம் கழித்தும் 2.2 பார் நின்றது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

பம்பை எடுக்கும் வேலை ஒரு காலைப்பொழுதில் முடிந்தது. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, முதலில் டேங்கின் மேல் படிந்திருந்த மண்ணை முழுதாகத் துடைத்து எடுத்தேன். திறந்தபிறகு துடைத்தால் அத்தனையும் உள்ளே விழும். பூட்டு வளையத்தைத் திருகத் தீப்பொறி எழாத பித்தளைக் கம்பியையும் மரச்சுத்தியலையும் பயன்படுத்தினேன். வெளியே வந்த பம்பின் கீழுள்ள வலைச்சல்லடை, ஃபில்டரில் பார்த்த அதே பழுப்பு வண்டலால் பாதிக்குமேல் அடைந்திருந்தது. நிகழ்ந்த வரிசை இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்: மாற்றாமல் விட்ட ஃபில்டரையும் அடைந்த சல்லடையையும் எதிர்த்து உழைத்துப் பம்ப் தேய்ந்தது, தேய்ந்த பம்ப் அதிக மின்னோட்டத்தை இழுத்தது, அது கனெக்டர் ஊசியைச் சுடவைத்து எரித்தது, எரிந்த ஊசி வோல்ட்டைக் குறைத்து, ஏற்கெனவே தளர்ந்த பம்பை மேலும் தளர்த்தியது. எரிந்த கனெக்டரிலேயே புதிய பம்பைச் செருகியிருந்தால், சில மாதங்களில் இதே கதையை மறுபடி தொடங்கியிருப்பேன். டேங்கின் அடியை வழித்துச் சுத்தம் செய்து, சல்லடையும் மேல்மூடியின் ரப்பர் வளையமும் புதிதாகப் போட்டு, இரண்டு மாதமே ஆன பெட்ரோல் ஃபில்டரையும் மனமில்லாமல் மாற்றினேன்.

புதிய பம்ப் 5.4 ஆம்பியர் இழுத்தது. 30 விநாடியில் 900 மில்லியைத் தாண்டியது. அன்று மதியமே, டேங்கில் கால் பங்குக்கும் குறைவான பெட்ரோலோடு, வேண்டுமென்றே அதே மேட்டுக்குப் போனோம். மிதித்ததும் முள் 2.5இலிருந்து 3.0க்கு ஏறி, மேட்டின் உச்சிவரை அசையாமல் நின்றது. ட்ரிம் கூட்டுத்தொகை +3. திரும்பி வந்து டேங்கை நிரப்பியபோதுதான் தெரிந்தது, டேஷ்போர்டில் பெட்ரோல் முள் முக்கால் அளவுக்கு மேல் ஏறவே இல்லை: பம்பை உள்ளே இறக்கும்போது மிதவையின் கம்பியைச் சற்று வளைத்திருக்கிறேன். டேங்க் ஓரளவு வற்றும்வரை காத்திருந்து, மூடியை மீண்டும் திறந்து, மிதவையைக் கையால் மேலும் கீழும் அசைத்துப் பார்த்து, அதன் பிறகே வளையத்தை இறுக்கினேன்.